ஜெனோவா வீட்டுக் காலண்டர்

இன்று கிருத்திகை. விரதம் இருந்த வேகத்தில், காலையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "துடிக்கிற உயிரைக் கொன்று தின்றுவிட்டுக் கும்பிட்டால் எந்தச் சாமியும் ஏற்காது."

நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாகக் கைகூப்பும் படம் போடும் பக்கத்து வீட்டு ஜெனோவா இன்று ஒன்றும் போடவில்லை. அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

மத்தியானம் சர்க்கரைப் பொங்கலோடு போனேன்.

"வாங்கக்கா. பாவி வீட்டுக்குள்ள வரலாமா?" என்றாள். சிரிக்கவில்லை.

சுவரைப் பார்த்தேன். மாதா படம் போட்ட காலண்டரில் இன்றைய தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.

"இது என்னளா?"

"ஒங்க கிருத்திகைதான். அன்னைக்கு மட்டும் நாங்க மீன் பொரிக்க மாட்டோம். காத்து நேரா ஒங்க பூசை ரூமுக்குல்லா அடிக்கி."

"அண்ணாச்சி இன்னைக்குத்தான கடல்ல இருந்து வந்தாவ?"

"ஆமா. ரசத்த ஊத்துனேன். ஏசிக்கிட்டே குடிச்சிட்டுப் படுத்திருக்காவ."

"எத்தன வருசமா இப்படி?"

"இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து."

"மன்னிச்சிருளா" என்று நான் சொன்ன பிறகுதான் பொங்கலை வாங்கினாள்.

கொல்லாமைதான் தர்மம் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் அந்த வரியை அழித்துவிட்டேன்.

அவர்கள் கறியை விட்டு விரதம் இருக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளுக்கு என் காலண்டரிலும் வட்டம் போடப் போகிறேன். அன்றைக்கு நான் எதை விடுவது? மீனும் கறியும்தான் ஏற்கெனவே கிடையாதே.

"குரூப்ல எழுதுறத விடு" என்கிறார் என் வீட்டுக்காரர்.

இதைவிட லேசாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.