திருந்த ஒன்றும் இல்லை

கலியாணம் பேசுவதற்காக ரவியின் அம்மா சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ரவியும் நானும் விரும்பித்தான் அந்தப் பேச்சே தொடங்கியது. அவனுக்கு முன் சில வருடங்கள் மாலினி என்ற பெண்ணை நான் காதலித்தது அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவின் காதுக்கும் அது எட்டியிருந்தது.

"அந்தப் பிள்ளையோட என்ன கதை?" என்று அவர் நேராகவே கேட்டார்.

என் அக்கா முந்திக்கொண்டாள். "அது சும்மா சிநேகிதம் மாமி. இப்ப இவள் திருந்திட்டாள்."

நான் தலையாட்டியிருந்தால் அன்றைக்கே நாள் குறித்திருப்பார்கள். ஆனால் என்னால் முடியவில்லை.

"திருந்த ஒண்டும் இல்லை மாமி. அவளை உண்மையாத்தான் விரும்பினனான். ஒத்துவரேல்லை, பிரிஞ்சிட்டம். இப்ப உங்கட மகனை விரும்புறன். எனக்கு ஆம்பிளையிலயும் விருப்பம் வரும், பொம்பிளையிலயும் வரும். அப்பவும் இப்பவும் நான் ஒரே ஆள்தான்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரவி தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு அமர்ந்தான்.

"எனக்கு இது முழுக்க விளங்கேல்லை பிள்ளை," என்றார் மாமி. "கலியாணத்துக்கு அந்தப் பிள்ளைக்கும் சொல்லுவீங்களோ?"

"ஓம் மாமி."

"சொல்லுங்கோ. ஒளிச்சால்தான் ஊர் கதைக்கும்."

கலியாணத்துக்கு மாலினி வந்தாள். மாமிதான் அவளைக் கையோடு பந்திக்குக் கூட்டிப்போனார்.

ஓர் ஆணைக் கட்டியதால் நான் சரியாகிவிட்டேன் என்று இன்னும் சிலர் சொல்வதுண்டு. மாமியிடம் சொன்னதையே அவர்களிடமும் சொல்கிறேன்.