குதிருக்குள் வைத்த சர்வேக் கல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். யோசனை ஆடி அசைந்து பின்னால் வரும். எங்கள் காட்டில் பாதி கைவிட்டுப் போனதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம்.

யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். நல்லம்பள்ளிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. ராகியும் அவரையும் விதைத்து நானே பார்த்துக்கொண்டேன். மேலண்டைக் காடு அவருடைய பங்காளிக்குச் சொந்தம். எனக்கு மாமா முறை. பேச்சில் தேன் ஒழுகும். ஏர் பூட்டினால் மட்டும் உழவுக்கு ஒரு சால் எங்கள் பக்கம் வந்துவிடுவார். கேட்டால், "மாடு இழுத்துருச்சும்மா" என்பார். அந்த மாட்டுக்கு ஒருநாளும் மறுபக்கம் இழுக்கத் தெரிந்ததில்லை.

இரண்டு காட்டுக்கும் நடுவே சர்க்கார் நட்ட சர்வேக் கல் இருந்தது. முதல் உழவன்று அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். காட்டைக் காக்கிற சாமி அது. ஒரு சித்திரையில் போய்ப் பார்த்தால், அடிமண் உழுபட்டு, விழப்போகிற பல்லாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஓர் உழவில் இதைக் கிணற்றில் தள்ளிவிடுவாரே! திருவிழாச் சாமியை யார் வீட்டிலாவது பத்திரமாக வைப்பதில்லையா? கடப்பாரையால் நெம்பி எடுத்து, சும்மாடு வைத்துச் சுமந்து வந்து, ராகிக் குதிருக்குள் இறக்கினேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு, நிலத்தை அளந்து கொடுக்கச் சொல்லித் தாலுகா கச்சேரிக்கு மனு எழுதினேன். ராகி அறுப்பு முடிந்தபின் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். நல்ல மனிதர்.

"கல்லு எங்கம்மா?"

"வூட்டுல பத்திரமா இருக்குதுங்க" என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறிவிட்டது. "கல்லைப் புடுங்கினவங்க மேல கேஸ் போடத்தாம்மா சட்டம் இருக்குது. நீங்களே எடுத்துட்டுப் போயிட்டா நான் யார் மேல எழுதறது?"

எல்லையின் மறுமூலையில் நட்ட இன்னொரு கல்லைத் தேடினார். அதன்மேல் மாமா தோண்டிய புதுக் கிணற்றின் மண் மலையாகக் கிடந்தது. இனி ஊர் எல்லையிலிருந்து அளந்து வர வேண்டும், அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும், அதுவரை உழுகிறவர் உழட்டும் என்றார். அந்த உத்தரவு வரவே இல்லை.

அளவு பார்க்க வந்திருந்த மாமா என் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா வருத்தம்? கல்லு எங்க இருந்துச்சுன்னு காட்டு, அங்கயே நட்டுடலாம்."

காட்டினேனா? எங்கே காட்டுவது! குழி இருந்த இடம் உழுது, விதைத்து, அறுத்து, ஒரே அரிதாளாகக் கிடந்தது. நாலடி இப்படியும் நாலடி அப்படியும் நடந்தேன்.

கடைசியில் சர்வேயர் கேட்டபடி, கல்லைப் பெயர்த்தது நான்தான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். சாட்சிக்கு மாமா கையெழுத்துப் போட்டார். அவர் சால் சாலாகத் தின்ற பாதிக் காட்டைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது. கச்சேரியில் இருக்கும் ஒரே காகிதத்தில் குற்றவாளியாக இருப்பது என் பெயர்.