சிபுயிலே தாண்டிய மருந்து

சிபுயிலே என்பவள் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் எஷோவே ஊர் வேன் ஸ்டாண்டில் என் சோளக்கதிர் அண்டாவுக்கு அடுத்த கடை அவளுடையது. அமக்வினியா என்னும் பலகாரத்துக்கு மாவை உருட்டி எண்ணெயில் போடுவாள், செருப்பைக் கழற்றுவாள், பாதத்தைச் சிமெண்டில் தேய்ப்பாள், எழுந்து வேன்களைச் சுற்றிவிட்டு வருவாள். அதற்குள் உருண்டை கருகிவிடும். கருகியதையும் விற்றுவிடுவாள், வாய் அப்படி.

"என்னடி, கால்ல எறும்பா?" என்று கேட்பேன்.

"எறும்பு இல்ல மாதுபே, நெருப்பு."

எச்.ஐ.வி. இருப்பதை அவள் மறைத்ததில்லை. புருஷன் செத்த வருஷத்திலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள், உடம்பும் தேறிவிட்டது. "அது அடங்கிருச்சு, இது வேற" என்பாள். எங்கள் பக்கம் கால் எரிந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ வழியில் செய்வினை மருந்து வைத்திருக்கிறார்கள், தெரியாமல் தாண்டிவிட்டாய். வைத்தது யார்? அடுத்த கடைக்காரியைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

என்னோடு பேச்சை நிறுத்தினாள். என் கடைப்பக்கம் கால் வைக்காமல் சுற்றிப் போனாள். எத்தனை மழைக்கு ஒரே குடையில் ஒதுங்கியவர்கள் நாங்கள்! அவளுக்குக் கால் எரிந்தது, எனக்கு வயிறு எரிந்தது. "உன் யாவாரத்தக் கெடுக்க உன் கருகல் உருண்டையே போதும், மருந்து எதுக்குடி?" என்று கத்தினேன். 

ஒரு மத்தியானம் கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பேசினில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தாள். நாட்டு வைத்தியர் கொடுத்த மரப்பட்டை வெந்நீரில் மிதந்தது. சூடு பொறுக்கும்வரை வை, சுட்டதும் எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். சுடக் காணோமே என்று கெட்டிலிலிருந்து மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவியைப் பார்த்து ஓடினேன். தண்ணீரில் விரல் வைத்ததும் உயிர் போனது. அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"தொடாத! வெச்சவளே நீதானே!"

"கொதிக்குதுடி பாவி! உனக்குத் தெரியலையா?"

குனிந்து பார்த்தாள். பாதமெல்லாம் கொப்புளம். ஒன்றை விரலால் அழுத்தினாள். இன்னொன்றையும் அழுத்தினாள்.

"தெரியலையே, மாதுபே" என்றாள்.

கிடைத்த வேனில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். புண்ணுக்குக் கட்டுப் போட்டபின், நர்ஸ் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு அவள் மணிக்கட்டில் வைத்தார். "துடிக்குது" என்றாள். கால் கட்டைவிரலில் வைத்தார். அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

"நரம்பு கெட்டிருக்கும்மா. அந்தக் கிருமியும் செய்யும், முன்ன குடுத்த பழைய மாத்திரைல சிலதும் செய்யும். இப்ப சாப்பிடுறத நிறுத்திடாத. எரிச்சலுக்கு மருந்து தர்றேன்."

"தொட்டாத் தெரியுமா, இனிமே?"

"சொல்ல முடியாதும்மா. தினமும் பாதத்தக் கண்ணால பாத்துக்கோ."

வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயே வெச்சிருந்தா நல்லாருந்திருக்கும், மாதுபே. உன் கால்ல விழுந்தாவது மருந்த எடுக்கச் சொல்லியிருப்பேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வைத்தது நானாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.