ஆளுக்கொரு ஆச்சரியம், ஆளுக்கொரு ஏமாற்றம்

எங்கள் ஊர் பேஸ்போல் திடல் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு அமெரிக்கப் பட்டாளம் இருந்த இடம். பட்டாளம் போன பிறகும் விளையாட்டு போகவில்லை. யேர்மனியில் இதைப் பார்க்க வருகிற சனம் குறைவு. நூறு பேர் வந்தால் எங்களுக்கு அது பெரிய கூட்டம்.

என்னை அங்கே கூட்டிப் போனவர் அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை. ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் என்னோடு வேலை செய்கிறவர். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்து ஊர். அவருடைய மகன் அந்தக் கழகத்தில் பந்து எறிகிறவன். இங்கே பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரிக்கிற வேலை. தனியாக இருக்கிறான்.

முதல் நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்.

"இது முழுக்கக் கள்ளப் பந்து, தம்பி. முழங்கையை மடிச்செல்லே எறியிறாங்கள். எங்கடை ஊர்க் கிரிக்கெட்டிலை எண்டால் அம்பயர் கையை நீட்டி நோ போல் எண்டிருப்பார்."

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. மழைக்கும் குடையோடு வந்து இருப்பார். கை தட்ட மாட்டார். மகன் நன்றாக எறிந்தால் நிலத்தைப் பார்ப்பார். கூடாமல் எறிந்தாலும் நிலத்தைத்தான் பார்ப்பார்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிய மகன் என்னிடம் வந்து கேட்பான்.

"மாமா, அப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"நல்லமெண்டோ, கூடாதெண்டோ?"

"ஒண்டுமில்லை."

இந்த வருடம் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பருவம் பாதி முடிந்தபோது பார்த்தால் இரண்டாம் இடத்தில் நின்றது. காரணம் அண்ணையின் மகன். போன வருடம் இரண்டாவது அணியில் கிடந்தவன், இந்த வருடம் அவன் பந்தைத் தொட எதிரணிக்கு ஏலவில்லை.

ஜூனில் ஆட்டங்களுக்கு ஒரு இடைவெளி வரும். அதற்கு இரண்டு கிழமை முன்னம் மகன் என்னைக் காரில் வீட்டில் இறக்கிவிட வந்தான். இஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தான்.

"வேலையிலை ஆள் காணாது, மாமா. ஞாயிறும் வரச் சொல்லிக் கேக்கினம். எறியிறதோ, விடுறதோ எண்டு இடைவெளி முடியிறதுக்கிடையிலை பயிற்சியாளருக்குச் சொல்ல வேணும்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"அப்பா ஒரு சொல்லுச் சொன்னால் எறியிறன். அவருக்குப் பிடிக்கேல்லை எண்டால் ஆருக்காக எறியிறது?"

அடுத்த நாள் தோய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று இதை அண்ணைக்குச் சொன்னேன். அவர் துணியை மடித்தபடி கேட்டார்.

"ஏன் சொல்ல வேணும்? ஒவ்வொரு ஞாயிறும் வாறன்தானே. பிடிக்காமலோ வாறன்?"

இடைவெளிக்கு முந்தின ஞாயிறு எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிய, வலைக்குப் பின்னால் இருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் நீள மேசையில் கூடுவோம். பாதிப் பருவத்தில் கண்ட ஒரு ஆச்சரியம், ஒரு ஏமாற்றம் என்று ஆளுக்கு ஒவ்வொன்று சொல்ல வேண்டும். நேரே சொல்ல வேண்டும். சொல்கிறவருக்கு யாரும் மறுமொழி சொல்லக் கூடாது. பயிற்சியாளரும் வந்திருந்து கேட்பார். ஆட்டக்காரர்கள் பக்கத்தில் இறைச்சி வாட்டுவார்கள்.

முதலில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர் சொன்னார். எங்களோடு எப்போதும் முன் வரிசையில் இருக்கிறவர். அவருக்கு ஏமாற்றம், வெளிநாட்டிலிருந்து சம்பளத்துக்குக் கொண்டுவந்த அடிகாரன். "மலை மாதிரி இருக்கிறான். காற்றைத்தான் அடிக்கிறான்" என்றார். ஆச்சரியம் என்ன என்று சொல்லாமல் அண்ணையின் மகனைக் கையால் காட்டினார்.

கோப்பி விற்கிற பெண் அடுத்தது. "என் ஏமாற்றம் இந்தக் கோப்பி. அதை நான்தான் போடுகிறேன்" என்றாள். "உன் ட்ராம் ஒரு தடவை நேரத்துக்கு வந்ததுதான் என் வாழ்க்கையில் பெரிய ஆச்சரியம். ஆனால் இந்தப் பருவத்தில் என்றால் இவருடைய பையன்," என்று அண்ணையைக் காட்டினாள்.

எல்லாரும் சிரித்தோம். மறுமொழி கூடாது என்ற வழக்கத்தை மறந்து கிழவர் ஏதோ திருப்பிச் சொன்னார்.

பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர், இப்படி ஒரு கையை இந்தத் திடலில் பார்த்ததில்லை என்றார். இன்னொருவர், பெரிய கழகங்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்றார். வேறு ஒருவர், இந்தத் தோளுக்கு நோவே வராதோ என்று கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும். நாலு பேர் கூடி ஒரு பிள்ளையைப் புகழ்ந்தால் நாவூறு படும், பிள்ளைக்குக் கேடு வரும். அண்ணை வேதக்காரர், ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுத்தான் திடலுக்கு வருவார். ஆனாலும் நாவூறு என்றால் அவருக்குப் பயம்.

என் முறைக்கு நான் அடிகாரனையும், கிழட்டு முழங்காலோடு இன்னும் குந்திப் பந்து பிடிக்கிற ஆளையும் சொன்னேன். மகன் பெயரை எடுக்கவில்லை.

பிறகு அண்ணை. அவர் டொச்சில், அதுதான் யேர்மன் மொழியில், மெதுவாகப் பேசுகிறவர். ஆச்சரியம், பந்து பிடிக்கிற ஆள் என்றார். பிறகு சொன்னார்:

"என் ஏமாற்றம் என் மகன். அவனிடம் ஒன்றுமில்லை."

குறுக்கே பேசக் கூடாது என்பது வழக்கம். அப்போது எல்லாரும் அதைக் காத்தார்கள்.

எங்கள் சனம் மட்டும் இருக்கிற மேசையில் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருக்கிறவர் உடனே "சும்மா இருங்கோ, அவனை மாதிரி ஆர் இருக்கினம்" என்று சொல்லியிருப்பார். அதோடு சரி. டொச்காரர் சொல்லைச் சொல்லாகவே எடுப்பார்கள். கோப்பிப் பெண் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அண்ணையைப் பார்த்தார், பிறகு அடுப்புப் பக்கம் பார்த்தார். அங்கே மகன் நின்றான். கேட்டுவிட்டான். இடுக்கியைத் தட்டில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு கார் நிற்கிற பக்கம் நடந்தான். ஓடவில்லை. நடந்தான்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் அண்ணை கேட்டார்.

"என்ன, எல்லாரும் செத்த வீடு மாதிரி இருந்தவை?"

"நீங்கள் சொன்னதை உண்மையெண்டு நினைச்சிட்டினம். பெடியனும் கேட்டவன்."

"அவன் எங்கடை பிள்ளை. அவனுக்கு விளங்கும்."

"அவன் இஞ்சை பிறந்தவன், அண்ணை."

அவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறந்துவிட்டார். நான்தான் சொல்லி இறக்கினேன்.

இடைவெளி முடிந்து முதல் ஆட்டத்துக்கு மகன் வரவில்லை. வேறொருவன் எறிந்தான். ட்ராம் கிழவர் எங்களோடு இருக்காமல் இரண்டு வரிசை தள்ளி இருந்தார். பாதியில் எழும்பி வந்து அண்ணையிடம் சொன்னார், பையன் விடப்போகிறேன் என்று பயிற்சியாளருக்குச் சொல்லிவிட்டானாம், பயிற்சியாளர் மட்டும் இன்னும் ஏற்கவில்லையாம். "சந்தோஷம்தானே உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணை ஆட்டம் முடியும்வரை இருந்தார். பிறகு எழும்பினார்.

"வாரும். அவன்ரை வீட்டை போவம்."

மகன் கதவைத் திறந்தான். எனக்கு "வாங்கோ மாமா" என்றான். தகப்பனுக்கு ஒன்றும் சொல்லாமல் விலகி நின்றான். குசினியில் இருந்தோம். தேத்தண்ணி போட்டுத் தந்தான். அண்ணை கோப்பையைத் தொடவில்லை. டொச்சில் சொன்னார்.

"நீ நன்றாக எறிகிறாய்."

"ஏன் டொச்சிலை சொல்லுறியள்?"

"தமிழிலை சொல்லப் பயம்."

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை ஏமாற்றம் எண்டியள். அதுக்குப் பயமில்லையோ?"

"அத்தனை வாய் உன்னிலை. ஆரெண்டாலும் ஒராள் குறைச்சுச் சொல்ல வேணும்."

மகன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"உனக்கு முன்னம் ஒரு பிள்ளை இருந்தது," என்றார் அண்ணை.

"தெரியும். படம் பாத்தனான்."

"இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்திலை கிடந்தனாங்கள். ஒரு வயதுப் பிள்ளை. பாக்கிறவை எல்லாம் தூக்குவினம். என்ன வடிவு எண்டுவினம். நானும் சொன்னனான், ராசா மாதிரி வருவான் எண்டு. அந்தக் கிழமையே காய்ச்சல்."

நான் அவரோடு வேலை செய்யத் தொடங்கி எத்தனையோ வருடம். இதை எனக்கும் அவர் சொன்னதில்லை.

மகன் நோயாளரோடு பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, அது காய்ச்சலாலை போனது. மருந்து இருந்திருந்தால் பிழைச்சிருக்கும்."

"தெரியும். தெரிஞ்சும் வாய் வருகுதில்லை."

தேத்தண்ணி ஆறிப்போனது. வெளியே யாரோ சைக்கிளைப் படியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"ஒருக்காச் சொல்லுங்கோ," என்றான் மகன். "தமிழிலை."

அண்ணை மேசையை இரண்டு கையாலும் பிடித்தார். பாரம் தூக்குகிறவர் மாதிரி.

"நல்லா எறியிறாய்," என்றார்.

மகன் முகத்தைத் துடைத்தான். எழும்பிப் போய்க் கேத்தலில் மறுபடி தண்ணி வைத்தான்.

"இந்த ஞாயிறு வேலை. மாத்தேலாது," என்றான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "அதுக்கு அடுத்ததுக்கு வாறன். பயிற்சியாளருக்குச் சொல்லுறன்."

வந்தான். அன்றைக்கு அவனுக்கு அடிதான். எறிந்ததையெல்லாம் எதிரணி திடலுக்கு வெளியே அனுப்பியது. தோற்றோம். ட்ராம் கிழவர் திரும்பவும் எங்கள் பக்கத்தில் வந்து இருந்தார். அவருக்கு நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"இன்றைக்குப் பையன் மோசம்," என்றார்.

"இல்லை," என்றார் அண்ணை, டொச்சில், பின் வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "அவன் கெட்டிக்காரன். நன்றாக எறிகிறான்."

கிழவர் அவரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரி செய்தார்.

பஸ்ஸில் ஏறியதும் அண்ணை கைத்தொலைபேசியை எடுத்தார்.

"வீட்டை போயிட்டியோ?" என்று கேட்டார். "உடம்புக்கு ஒண்டுமில்லையே? காய்ச்சல் கீச்சல்?"

மறுபக்கத்தில் மகன் சொன்னது எனக்கும் கேட்டது.

"இல்லை, அப்பா. சுகமாயிருக்கிறன்."

"நெத்தியைத் தொட்டுப் பார்," என்றார் அண்ணை. அவன் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தார்.