பிளாஸ்திரி ஒட்டிய முகம்

மர்டில் நங்காலாவுக்கு எழுதுகிறவர்களைக் கண்டால் ஆகாது. பேசுகிறவர்களை மன்னித்துவிடுவாள். பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து அப்படியல்ல, அது வண்டியேறிப் போய் எங்கோ உட்கார்ந்து யோசித்துவிட்டு, வேறு முகத்தோடு திரும்பி வரும். அவள் அம்மா காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எந்தெந்தப் பிள்ளையின் முகம் அழுக்காக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வந்த அரசாங்க லாரியில் அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதே பத்தொன்பது வருஷமாக வேலை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மூன்று மைல் கிணறு என்ற அந்தப் பழங்குடி ஊரின் கிளினிக்கில், அழுக்கு முகத்தால் பரவும் கண்நோய் இருக்கிறதா என்று பிள்ளைகளின் இமையைப் புரட்டிப் பார்ப்பாள். பீளை தள்ளியிருந்தால் குழாயடிக்கு விரட்டுவாள். இமை உள்ளே சுருண்டு மயிர் விழியைக் கீறத் தொடங்கிய பெரியவர்களை ஐந்து மணி நேரம் செம்மண் சாலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஓட்டிப்போய், அறுவை முடிந்ததும் திட்டிக்கொண்டே கூட்டிவருவாள். அவளிடம் நோட்டு கிடையாது. யார் கண் எப்படி என்பதெல்லாம் தலைக்குள் இருந்தது.

ஆகஸ்ட் மாதக் குளிரில் ஃபிரேயா என்ற இளம்பெண் டேப்லெட்டோடு வந்து இறங்கினாள். கண் சுகாதாரப் பிரசாரம் ஊரில் போய்ச் சேர்ந்ததா என்று மதிப்பிட நகரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். பலன் இல்லையென்று அவள் எழுதினால் வருகிற ஜூனோடு கண் வேலை நின்றுவிடும், வண்டியையும் எடுத்துக்கொள்வார்கள்.

கடை வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவர் ஜுங்கராயியிடம் ஃபிரேயா முதலில் போனாள். அவர் மர்டிலுடைய புருஷனின் அண்ணன்.

"இந்தப் போஸ்டரைப் பாத்திருக்கீங்களா?"

டேப்லெட்டில் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகத்தை நாயின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாக்கல."

பக்கத்திலிருந்த பெண்களும் "பாக்கல" என்றார்கள். ஒருத்தி எழுந்தே போய்விட்டாள்.

மர்டில் வண்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கவனித்தாள். படம் என்ன என்று தூரத்திலேயே தெரிந்தது. ஊரின் கால்பந்து வீரன் ஒருவன் குழாயில் முகம் கழுவிவிட்டுத் தலையை ஒரு பக்கமாக உதறுகிறான். தண்ணீர் வெயிலில் தெறிக்கிறது. அவன் மர்டிலின் அக்கா மகன். போன வருஷம் அவன் ஓட்டிய கார் மணலில் கவிழ்ந்து செத்துப்போனான். அன்றிலிருந்து, இறந்தவர்களுக்கான ஊர் வழக்கப்படி, அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. முகத்தைப் பார்ப்பதும் இல்லை. கடையிலும் பள்ளியிலும் ஒட்டியிருந்த போஸ்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கிழித்தெடுத்தவளே மர்டில்தான்.

செத்தவன் முகத்தை ஊருக்குள் யார் அனுப்புவார்கள்? தெரிந்தே செய்கிறார்களா? 'இல்லை' என்று சொல்லவைத்து, அந்த 'இல்லை'யைக் கொண்டே கதவைச் சாத்தப் பார்க்கிறார்களா?

மதியம் கிளினிக்கில் ஃபிரேயா சோர்ந்து உட்கார்ந்தாள். "ஒருத்தர்கூடப் பாக்கலைங்கிறாங்க. போய்ச் சேரலைன்னுதான் எழுதணும் போல."

மர்டில் சன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அது இழவு வீட்டுப் படம்."

ஃபிரேயாவின் முகம் வெளுத்தது. "யாருமே சொல்லலையே..."

"நீ கேக்கலையே."

அந்த வெளுப்பையும் மர்டில் முழுசாக நம்பவில்லை. கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பல்லால் கிழித்தாள். தலையைத் திருப்பிக்கொண்டு, விரலால் தடவி, டேப்லெட்டின் கண்ணாடித் திரையில் முகம் இருந்த இடத்தில் ஒட்டினாள். மிஞ்சியவை இரண்டு கைகளும் தண்ணீரும்தான்.

"இப்பப் போய்க் கேளு."

இப்போது எல்லாரும் "ஆமா, பாத்தோம்" என்றார்கள். கேள்வி முடியும் முன்பே ஆமா. சோப்பு? ஆமா. தினமும்? ஆமா. ஃபிரேயாவின் விரல் தயங்கி நின்றது.

"காலைல இல்லைன்னவங்க இப்ப எல்லாத்துக்கும் ஆமாங்கிறாங்க. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இப்பத்தான் எங்க ஊர்க்காரி மாதிரி யோசிக்கிறே" என்ற மர்டில் கிழவரிடம் திரும்பினாள். "ஜுங்கராயி, ஒட்டகம் சோப்புப் போட்டு மூஞ்சி கழுவுனதப் பாத்தியா?"

"ஆமா, பாத்தேன்." பெண்கள் சிரித்ததும் கிழவர் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு தடவ. துண்டு வேற கேட்டுச்சு, நங்காலா."

"பாத்தியா? வந்தவங்க சீக்கிரம் கெளம்பட்டும்னு சொல்ற ஆமா இது. எங்கள எதுவும் கேக்காத. குழாயடில போய் உக்காரு."

பள்ளிவிட்டுப் பிள்ளைகள் புழுதியோடு வந்தார்கள். சிலர் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள். ஃபிரேயா எழுதுகிறாளா என்று மர்டில் பார்த்தாள். பிறகு ஒரு சிறுமி நின்றாள். தன் முகத்தைக் கழுவினாள். தம்பியின் மூக்கைப் பிடித்துக் கழுவினாள். அவன் கத்தினான். கழுவி முடித்ததும் இரண்டு பேரும் தலையை ஒரு பக்கமாக உதறினார்கள். தண்ணீர் வெயிலில் தெறித்தது. பின்னால் வந்தவர்களும் கழுவிவிட்டு அதே பக்கம், அதே உதறல்.

ஃபிரேயா பிளாஸ்திரியைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். வெகுநேரம் எழுதினாள்.

"என்ன எழுதின? படி."

ஃபிரேயா படித்தாள். படம் இல்லாத ஊரில் படத்தில் இருந்த பழக்கம் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் கழுவினார்கள், எத்தனை பேர் கழுவாமல் ஓடினார்கள். இந்தக் கேள்வித்தாள் இந்த ஊருக்கு உதவாது.

ஓடியவர்களையும் எழுதியிருந்ததால் மர்டிலுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கொஞ்சம்தான்.

"அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"இதுலயே இருக்கே."

"அது உன்கூடப் போயிடும்."

ஃபிரேயா எழுதிக் கொடுத்தாள். அவள் ஏறிய வண்டி கிளம்பியது. அவள் மடியில் கிடந்த டேப்லெட்டில் பிளாஸ்திரி அப்படியேதான் இருந்தது. திருப்பத்தில் அதை உரித்துவிடுவாளோ என்று மர்டில் புழுதி அடங்கும்வரை பார்த்தபடி நின்றாள். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே போய்த் தாளை நான்காக மடித்து, இழுப்பறையில் பிளாஸ்திரிச் சுருள்களுக்கு அடியில் வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பத்திரப்படுத்திய முதல் எழுத்து அது. ஜூனில் யாராவது வேறு மாதிரி எழுதிக்கொண்டு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டுமே.