குப்புறக்கா

மதியம் மூன்று பத்துக்கு மேல்மாடியிலிருந்து செய்தி வந்தது. குப்புறக்கா போய்விட்டார்.

அவர் மூச்சு நோயாளிகள் வார்டின் உதவியாளர். பதினோரு வருடம். மூச்சுத் திணறுபவரைக் குப்புறப் படுக்க வைப்பார்: நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, முகம் பக்கவாட்டில். அதில் வந்த பெயர். டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார், புரட்டுவது அக்கா.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முறைத்தார். "நான் என்ன தவழுற குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்ன பேச்சு கேக்கும் சார்."

எண்பத்தாறில் இருந்த ஆக்சிஜன் அரை மணியில் தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது. "மாத்திரை இப்பதான் வேலை செய்யுது" என்றார் பெரியவர். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

அக்காவுக்கே நிமோனியா வந்தபோது சொந்த வார்டில் படுக்கை இல்லை. மேல்மாடியில் போட்டார்கள். கீழ் வார்டு நர்ஸ், அவரோடு எட்டு வருடம் வேலை செய்தவள், பன்னிரண்டு மணிக்கு மேல்மாடி வார்டுக்குப் போன் செய்தாள்.

"அக்காவைத் திருப்பினீங்களா?"

"இல்ல சிஸ்டர். கையைக் கையைக் கவுத்துக் காட்டுறாங்க. தண்ணி கேக்குறாங்க போல, குடுத்தோம்."

"தண்ணியா? குப்புறப் போடச் சொல்றாங்கம்மா!"

"அதுக்கு நாலு பேர் வேணும்னு சர்க்குலர் இருக்கு. நாங்க ரெண்டு பேர்தான்."

"அது தொண்டையில குழாய் போட்டவங்களுக்கு! அக்கா நாப்பத்தஞ்சு கிலோ. முழிச்சுட்டுதானே இருக்காங்க?"

"சர்க்குலர்ல எடையெல்லாம் போடல சிஸ்டர்."

அந்த அறிவுக்கொழுந்துகளை வைதபடியே நர்ஸ் தன் மேற்பார்வையாளரிடம் ஓடினாள். "மூணு மணிக்கு மாத்தாள் வரட்டும், அப்புறம் போ" என்றாள் அவள். நர்ஸும் சரி என்றாள். மேல்மாடிக்கு இருபத்திரண்டே படிகள். கேட்காமலே ஏறியிருக்கலாம். வாய் மட்டும் காது வரை நீண்டது, கால் அசையவில்லை. மாற்றாள் வந்தது மூன்று ஐந்துக்கு.

நான்கு மணிக்குக் கண்காணிப்பாளர் எல்லாரையும் வராந்தாவில் நிறுத்தினார். அக்காவின் பெயரைத் தப்பாகச் சொன்னார். அர்ப்பணிப்பு என்றார், இழப்பு என்றார், இரண்டு நிமிட மௌனம் என்றார். சர்க்குலரைப் பற்றி மூச்சு விடவில்லை. மௌனத்துக்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. பதினேழு பேர் நின்றார்கள்.

உள்ளே ஆறாம் படுக்கைக்காரரை மூன்றரைக்குக் குப்புறத் திருப்பியிருக்க வேண்டும். அவர் மல்லாந்தே கிடந்தார்.