சீராக வந்த நான்காவது பேட்டரி

பொன்னமராவதியில் சோலார் வேலை செய்யும் ஆனந்தராஜுக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று சொல்வார்கள். எனக்கு வரத்தான் செய்கிறது. ராஜலட்சுமி அக்காவின் கதையைக் கேட்ட பிறகும் கோபம் வராதவரை நான் பார்க்க வேண்டும்.

அக்காவின் கணவர் உடையப்பன் காலமெல்லாம் கிரஷரில் கல்தூசியைச் சுவாசித்தவர். நுரையீரல் கெட்டதும் முதலாளி ஒரு சால்வையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். தூசி இல்லாத இடமாகப் போங்கள் என்றார் டாக்டர். குடுமியான்மலைக்கு மேற்கே, தங்கள் வயலிலேயே அக்கா சின்னதாக ஒரு வீடு கட்டினார். கரண்டு கம்பம் நட வேண்டிய வரப்பு பங்காளியுடையது. விடமாட்டேன் என்றுவிட்டான். மூச்சுத் திணறும் மனிதனைவிட அவனுக்கு அரை முழ வரப்பு பெரிது.

"ராத்திரி பூரா ஆக்சிஜன் மெஷின் ஓடணும் தம்பி. நடுவுல நிக்கக்கூடாது" என்று அக்கா என்னிடம் வந்தார்.

அதற்கு நான்கு பேட்டரி வேண்டும். இரண்டிரண்டாகக் கோர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நான்கும் ஒரே வயதாக இருக்க வேண்டும். ஒன்று கிழடாக இருந்தால் மற்ற மூன்றும் அதற்கு ஊட்டி ஊட்டியே தேய்ந்துபோகும். ஆடுகளை விற்று அக்கா மூன்றை வாங்கினார். நான்காவது என் சீர் என்று அவருடைய அண்ணன் அடைக்கலம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பால் காய்ச்சிய அன்று சீர் வந்தது. மேளம் முன்னால் வர, பழத்தட்டுகளுக்குப் பின்னால் குட்டியானை வண்டியில் மாலையும் சந்தனமுமாக அந்தப் பேட்டரி வந்து இறங்கியது. ஸ்டிக்கர் புதுசு. ஆனால் முனைகளில் ஸ்பேனர் கடித்த தழும்பு இருந்தது. மூடியைத் திறந்து ஆசிட்டை ரப்பர் குமிழ் வைத்த சோதனைக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். கஷாயம் மாதிரி கறுப்பாக வந்தது. ஒரு பெரிய பல்பை மாட்டியதும் வோல்ட் சரசரவென்று இறங்கியது.

"இது பழசு. கழுவி ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க" என்றேன்.

"வண்டியில குலுங்கி வந்ததுல அப்படித்தான் இருக்கும்" என்றார் அடைக்கலம், என் முகத்தைப் பார்க்காமல்.

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் பாய்ந்தார். "சீர்ப் பொருளைச் சோதிக்கிறது என்ன பழக்கம் தம்பி? மாட்டி விடுங்க. நல்ல நேரம் போகுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நல்ல நேரம் முடிஞ்சாலும் அவரு மூச்சு விடணும்ல" என்று கத்திவிட்டேன். கூட்டம் என்னைத்தான் முறைத்தது.

அக்கா என்னிடம் வந்தார். "இத மாட்டுனா எம்புட்டு நேரம் ஓடும் தம்பி?"

"நடுச்சாமத்துக்கு மேல தாங்காதுக்கா. மத்த மூணையும் சேத்துக் கெடுத்துரும்."

உள்ளே கட்டிலில் உடையப்பன் வாடகை சிலிண்டரின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நடுச்சாமத்துக்கு மேல நீ வந்து அவருக்கு மூச்சு விடுவியா?"

"நாலு பேரு முன்னாடி பேசுற பேச்சா இது? திங்கக்கெழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட வரப்போறவ, இன்னைக்கு அண்ணன் சீரை அவமானப்படுத்துறியா?"

மேளம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பன் விட்டுப்போன நிலத்தில் தன் பங்கை அக்கா அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க இருந்தார். பைசா கேட்கவில்லை. பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்கும், நல்லது கெட்டதுக்கு அண்ணன் வந்து நிற்பான் என்ற ஒரே நினைப்பு. நம் பக்கத்தில் எத்தனை பெண்கள் இப்படி நாலு தட்டுப் பழத்துக்கும் ஒரு பட்டுப்புடவைக்கும் நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆள் அதற்குக்கூட ஒரு நல்ல பேட்டரி வாங்கவில்லை.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பேட்டரியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிட்டுப் பிடிங்க தம்பி" என்றார். இருவருமாகத் தூக்கி, மாலையோடு குட்டியானையில் ஏற்றினோம்.

"சீரு வேண்டாம்ணே. என் பங்கைப் பிரிச்சுக் குடு" என்றார் அக்கா.

அடைக்கலம் சாப்பிடாமல் போனார். நான் ஒரு ஜோடியை மட்டும் கோர்த்தேன். மூன்றாவது புதுப் பேட்டரி துணையில்லாமல் ஓரமாகக் கிடந்தது. அன்று இரவு மெஷின் பாதி ராத்திரி வரை ஓடியது. மீதிக்கு அக்கா சிலிண்டரை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதில் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அவர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகவில்லை. வக்கீலைப் பார்க்கப் போனார்.